உயிருள்ள கல்

செத்த கல்லில் கடப்பாரை இறங்கினால் தோள்வரை அதிரும். உயிருள்ள கல்லில் அப்படி இல்லை. மேலே ஒரு வழவழப்பு இருக்கும். இரும்பு அதில் வழுக்கி, ஒரு நூல் அளவு உள்ளே வாங்கி, அதற்குப் பிறகுதான் கல்லைத் தொடும். இந்த வித்தியாசம் பதின்மூன்று வயதிலேயே என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த வழவழப்புக்குப் பெயர் உயிர் என்று தெரிய எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

நான் தூத்துக்குடி தெரேஸ்புரத்துக்காரன். 1980-லிருந்து 2004 வரை இருபத்து நான்கு வருடம், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை உடைத்து விற்றுப் பிழைத்தேன். பிறகு அதே தீவுகளில், அதே பாறைகளை மறுபடி வளர்க்கும் வேலைக்குப் படகோட்டியாகவும் கையாளாகவும் போய்வருகிறேன். என்னோடு கல் எடுத்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. இருப்பவர்கள் அந்த வருடங்களைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசாமல் போய்விட்டால், அந்தக் கடலுக்கடியில் முன்பு என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை எங்கள் கரையை ஒட்டி 21 தீவுகள் இருந்தன. எங்களுக்குப் பக்கத்தில் நான்கு: வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. சல்லி என்பது நொறுங்கிய கல். ரோட்டுக்குப் போடுகிறோமே, அதே சொல்தான். பவளப்பாறை நொறுங்கி, அலை அதைத் தள்ளித் தள்ளிக் குவித்து, மேலே மணல் ஏறி நின்ற திட்டுகள் இவை. பாறை இருந்ததால் தீவு வந்தது என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் நாங்கள் பாறையை உடைக்கப் போனோம்.

அப்பா கல்லுக்குப் பிறந்தவர் இல்லை. குளிக்காரர். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பில் இறங்கியவர். அதோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. பிறகு சங்கு குளித்தார். மூச்சடக்கி ஆழம் போய்ப் போய் ஒரு காது கேட்காமல் ஆனது. மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. சங்குக் குளியும் வருடம் முழுக்கக் கிடையாது. கல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நெஞ்சளவு, தலையளவு தண்ணீரில் கிடந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் முன்பணம் கொடுத்தார்கள். சுண்ணாம்புக்கும், அஸ்திவாரத்துக்கும், ரோட்டுக்கும், ரசாயன ஆலைகளுக்கும் கல் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் ஓலைவீடு கல்வீடாக மாறியதும் அந்தக் கல்லால்தான். பூச்சு உதிர்ந்த சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி தெரியும். சின்ன வயதில் விரலை வைத்து எண்ணுவேன். கல்லில் இருக்கும் வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வள்ளம் ஏறினேன். வத்தம் பார்த்துப் போவோம். தண்ணீர் இறங்கிய நேரத்தில் பாறையின் முதுகு தெரியும். இரண்டு பேர் கடப்பாரையால் நெம்புவார்கள். இரண்டு பேர் முங்கி எடுத்துக் கூடையில் போடுவார்கள். ஒருவர் வள்ளத்தில் நின்று வாங்குவார். மான்கொம்பு போல் கிளைத்த கல் சுலபமாக முறியும், ஆனால் எடை நிற்காது. எங்களுக்கு வேண்டியது உருண்டைக் கல். ஆள் கைகோர்த்துக் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைகள் அன்று வான் தீவின் கடல்பக்கம் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைப் பெயர்க்க ஒரு காலைப்பொழுது ஆகும்.

வள்ளத்தில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கல் கோழை விடும். வெயில் ஏற ஏற ஒரு வாடை வரும். மீன் வாடை இல்லை, பாசி வாடையும் இல்லை. குழந்தை பெற்ற வீட்டில் அடிக்குமே, அதுபோல ஒரு பச்சை வாடை. முதல் நாள் எனக்கு அதில் வாந்தி வந்தது. கல்லின் இடுக்கிலிருந்து நகம் அளவு நண்டுகள், கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள், சிறு கணவாய், நீலமும் மஞ்சளுமாக விரல்நீள மீன்கள் எல்லாம் வள்ளத்தின் அடித்தட்டில் விழுந்து துள்ளும். நான் அவற்றைப் பொறுக்கிக் கடலில் எறிந்துகொண்டிருந்தேன்.

“எலே, கல்லை வாங்கு. நண்டு பொறுக்கவா கூட்டியாந்தேன்?” என்று அப்பா அதட்டினார்.

பிறகு நானும் பொறுக்குவதை விட்டேன். ஒரு மாதத்தில் வாடையும் தெரியாமல் போனது.

அம்மா காளவாயில் வேலை பார்த்தாள். நாங்கள் இறக்கிய கல், கரியோடு அடுக்கி எரிக்கப்பட்டு, இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். பழுப்பு, பச்சை, ஊதா என்று கடலுக்குள் பார்த்த நிறம் எதுவும் அதில் மிச்சம் இருக்காது. அந்த வெள்ளையை நான் சுத்தத்தின் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன்.

*

வான் தீவில் ஒரு பூவரசமரம் நின்றது. அதன் நிழலில்தான் சோறு பொங்குவோம். நான் கல்லுக்குப் போன முதல் வருடம், மரத்தடியிலிருந்து கடல்பக்கத் தண்ணீர்வரை அறுபது எட்டு இருந்தது. வெறுங்காலோடு சுடுமணலில் ஓடியதால் அந்தக் கணக்கு மறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன வருடம் நாற்பது எட்டு. மூத்த மகள் பிறந்தபோது இருபதுக்கும் குறைவு. பிறகு ஒரு வாடைக்காற்றுப் பருவம் முடிந்து போனபோது மரம் வேரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. படகு வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் அதை வெட்டி விறகுக்கு எடுத்துப்போனார். நாங்கள் சோறு பொங்க உள்ளே தள்ளி வேறு இடம் பார்த்தோம். ஏன் தண்ணீர் ஏறுகிறது என்று எங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எங்கள் கூடையில் இருந்தது.

1986-ல் அந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. எங்களுக்கு அது ஒரு பலகையாக மட்டும் வந்து சேர்ந்தது. 2001-ல்தான் விஷயம் கடுமையானது. பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு கல்லுக்கும். ஊரில் யாருக்கும் இது பிடிபடவில்லை. “கல்லு எப்படிடா மிருகமாகும்?” என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டம் வந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. பகலில் போனதை விடியற்காலையில் போனோம். காளவாய்க்காரரிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் கிடந்தது. ஒருமுறை பிடிபட்டேன். வள்ளம் மூன்று மாதம் கரையில் கட்டிக் கிடந்தது. மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. வள்ளம் திரும்ப வந்ததும் மறுபடி கல்லுக்கே போனேன்.

நிறுத்தியது சட்டம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஞாயிறு என்பதால் எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வந்து கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஒரு மாதிரி பின்வாங்கியது. வத்தத்துக்குரிய நேரமும் இல்லை, அளவும் இல்லை. பிறகு ஏறி வந்தது. வள்ளங்களை ஒன்றோடொன்று முட்டவிட்டது, வலைகளை இழுத்தது, மறுபடி இறங்கியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனிமய மாதா கோயில் பக்கம் ஓடினார்கள். எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. மாலையில் தொலைக்காட்சியில் நாகப்பட்டினம் தெரிந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. நாகையில் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்கள் உண்டு. அன்று ராத்திரி எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

நம் கரை ஏன் சுனாமியிலிருந்து தப்பியது என்ற பேச்சு அடுத்த வாரம் முழுக்க ஓடியது. இலங்கை குறுக்கே நின்று அலையை வாங்கிக்கொண்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அது உண்மை. ஆனால் எங்கள் பெரியவர்கள் தீவுகளைச் சொன்னார்கள். வந்த மிச்ச அலையையும் தீவும் பாறையும் உடைத்துவிட்டன, அதனால்தான் தெருவுக்குள் வரவில்லை என்றார்கள். எந்தப் பங்கு யாருடையது என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. அன்று ராத்திரி எனக்கு வேறொன்று புரிந்தது. ஊருக்கு முன்னால் ஒரு சுவர் நின்றிருக்கிறது. அதிலிருந்து இருபத்து நான்கு வருடம் கல் உருவிக்கொண்டிருந்தவன் நான்.

ஊரில் கூடிப் பேசி, கல் எடுப்பதில்லை என்று முடிவானது. மற்றக் கரைகளிலும் அப்படியே நடந்தது. 2005-ல் மன்னார் வளைகுடாவில் பவளம் வெட்டுவது ஓய்ந்தது. சட்டத்தை மீறிய கைகள் தானாகக் கடப்பாரையைக் கீழே வைத்தன. நான் என்னுடையதை விற்கவில்லை. வீட்டின் பின்கட்டில் சாத்தி வைத்தேன். துருப்பிடித்து இன்னும் அங்கேயே இருக்கிறது.

நிறுத்திய பிறகு வந்த இரண்டு வருடம் கஷ்டமானவை. நண்டு வலை போட்டேன். மனைவி உப்பளத்துக்குப் போனாள். உப்புநீரில் நின்று அவள் பாதம் வெடித்தது. சின்ன மகளின் படிப்புக்குக் கட்ட வைத்திருந்த பணம் அரிசிக்குப் போனது. கடலைக் காப்பாற்றுவது என்று பேசும்போது இந்த இரண்டு வருடத்தையும் கணக்கில் எழுத வேண்டும். ஒரு பாறையை உடைக்காமல் விட, ஒரு வீடு பட்டினி கிடந்திருக்கிறது.

*

2007-ல் ஆராய்ச்சிக்காரர்கள் படகு கேட்டு வந்தார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002-லிருந்தே பவளத்துண்டுகளைக் கட்டி வளர்க்கும் முயற்சியில் இருந்தது. முதல் நாள் என் வள்ளத்தில் வந்தது ஒரு சின்னப் பெண், என் மூத்த மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். வான் தீவின் கடல்பக்கம் நிறுத்தச் சொன்னாள். அடியில் வெறும் மணலும் சல்லியும்.

“அண்ணாச்சி, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. இந்த இடத்தில் உருண்டைக் கல், ஒன்பது இருந்தது, அதற்குத் தெற்கே மான்கொம்புக் கல் ஒரு பனைநீளத்துக்கு, அதன் இடுக்கில் சிங்கி இறால், பள்ளத்தில் கலவா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுதுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க எடுத்ததா?”

“ஆமாம்மா.”

அவள் என்னைத் திட்டவில்லை. “அப்ப உங்களுக்குத்தான் எல்லா இடமும் தெரியும். நாளைக்கும் வாங்க” என்றாள்.

உடைத்தவனின் ஞாபகம்தான் அங்கே மிச்சமிருந்த வரைபடம். எந்த இடத்தில் கல் நன்றாக வளர்ந்ததோ அங்கேதான் நாங்கள் அதிகம் வெட்டினோம். கல் வளர என்ன வேண்டுமோ, அதாவது தெளிந்த தண்ணீர், நல்ல நீவாடு என்கிற நீரோட்டம், உறுதியான அடிப்பாறை, எல்லாம் அங்கே இருந்திருக்கிறது. அதனால் நட வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுவே. என்னோடு கல் எடுத்த இன்னும் மூன்று பேரை நான்தான் அந்த வேலைக்குக் கூட்டி வந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் இருட்டும்வரை இருந்து, அந்தப் பெண் எனக்கு விளக்கடித்துக் காட்டினாள். பகலில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு குழியிலிருந்தும் மெல்லிய விரல்கள் நீண்டு தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கல் முழுக்க ஆயிரக்கணக்கான சின்னக் கைகள். நான் விரலை நீட்டியதும் அந்தப் பக்கம் எல்லாம் சுருங்கி உள்ளே போய்விட்டன. மேலே வந்து வள்ளத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

“ஒவ்வொரு குழியிலயும் ஒரு உயிர் அண்ணாச்சி. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. பகல்ல பாசி வெயில வச்சுச் சமைச்சுக் குடுக்கும். ராத்திரி இதுவே கை நீட்டிப் பிடிச்சுத் திங்கும். கல்லுங்கிறது அது கட்டிக்கிற வீடு.”

எங்கள் வீட்டுச் சுவரில் விரல் வைத்து எண்ணிய நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாசல். அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சுவரில் சாய முடியாமல் திண்ணையில் படுத்தேன். அப்பா உயிரோடு இருந்தால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

வேலை நுணுக்கமானது, ஆனால் புரியாதது இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பாறையிலிருந்து விரல்நீளத் துண்டுகளை எடுப்போம். வெயில் படாமல், தண்ணீர் மாற்றி மாற்றி, ஒன்றோடொன்று உரசாமல் கொண்டுவருவோம். சிமெண்ட் பலகையில் நைலான் நூலால் கட்டி, கடலடியில் சட்டத்தின் மேல் வைப்போம். துண்டு ஆடக்கூடாது, ஆடினால் பிடிக்காது. வலை முடிந்த கைகளுக்கு அந்த முடிச்சு சுலபமாக வந்தது. பிறகு பாசி படராமல் துடைக்க வேண்டும், தின்னும் நத்தைகளைப் பொறுக்க வேண்டும், மாட்டிக்கொண்ட வலைத்துண்டுகளை அறுக்க வேண்டும். சில மாதத்தில் பவளம் அடியில் பரந்து பலகையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நூலின் மேலேயே படர்ந்து அதை விழுங்கிவிடும். நான் போட்ட முடிச்சு கல்லுக்குள் போய் மறைவதைப் பார்ப்பதுதான் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய கூலி.

கிளைப்பவளம் வருடத்துக்கு ஒரு சாண் போல வளரும், அதிகம் போனால். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். இதைக் கேட்ட அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு காலைப்பொழுதில் நாங்கள் பெயர்த்த உருண்டைக்கு, என் கொள்ளுப்பாட்டனுக்கு முந்தைய காலம் வயது. அப்படி ஒன்பதை வரிசையாகப் பெயர்த்தோம். என் ஆயுள் முழுக்கக் கட்டினாலும் அந்த ஒன்பதில் ஒன்று வராது.

*

2010 வெயில் காலத்தில் ஒருநாள் முங்கிப் பார்த்தவன் பயந்து மேலே வந்தேன். பாறை முழுக்க வெள்ளை. காளவாயிலிருந்து எடுத்த வெள்ளை. யாரும் நெருப்பு வைக்கவில்லை, கடப்பாரை வைக்கவில்லை.

கடல் 30 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நின்றால், பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், நிறம் வரும். தணியாவிட்டால் பட்டினியில் போய்விடும். நாங்கள் பலகை பலகையாகப் போய்ப் பார்த்தோம். மருத்துவமனை வாசலில் நிற்பதுபோல, மழை வருமா, காற்று மாறுமா என்று வானத்தைப் பார்த்து நின்றோம். ஆவணிக்குள் பல தேறின. பல தேறவில்லை.

அதற்குள் தீவுகளின் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. நான் சோறு தின்ற வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மன்னார் வளைகுடாவின் பவளப்பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே பாழாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்த 32-ல் எங்கள் வள்ளத்தின் பங்கும் இருக்கிறது.

2015 இறுதியில் வான் தீவைக் காக்கும் வேலை தொடங்கியது. காலநிலை மாற்றத்துக்கான தேசிய நிதியிலிருந்து பணம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு வடிவமைத்த சிமெண்ட் கூடுகள், ஆள் உயரத்துக்கு மேல், கீழே அகன்று மேலே குறுகி, பக்கமெல்லாம் துளையோடு வார்க்கப்பட்டன. அவற்றை மிதவையில் ஏற்றி, கிரேனால் தீவின் கடல்பக்கம் இறக்கினார்கள். முதல் கட்டத்தில் 4,600. மொத்தத் திட்டம் 10,600. துளை எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. முழுச்சுவராக இருந்தால் அலை முட்டித் திரும்பி அடிமணலை அரிக்கும். துளை வழியே போனால் வேகம் மட்டும் குறையும். மணல் உள்ளே தங்கும். பவளப்பாறை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. நான் கூடை கூடையாக எடுத்த கல்லின் வேலையைச் செய்யக் கூடு கூடாகச் சிமெண்ட் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. எங்கள் மச்சான் ஒருவர் நேராகவே கேட்டார்: “அங்கன வலை போட்டா கூட்டுல மாட்டிக் கிழியும். என் வலைக்கு யாரு காசு குடுப்பா?” அவர் கோபம் நியாயமானது. வலை விலை எனக்கும் தெரியும். இடம் குறித்துக் கொடுத்து, எந்த எல்லைக்கு வெளியே போடலாம் என்று காட்டிக் கொடுத்தோம். இரண்டு வருடம் கழித்து அவரே தூண்டிலோடு அந்த எல்லையில் வந்து நின்றார். கூட்டுக்குள் முதலில் பொடிமீன், பிறகு ஒரா, கிளிமீன், அதைத் தேடிக் கலவா, விளமீன் என்று குடிவந்திருந்தன. சிமெண்டின் மேலேயே குட்டிப் பவளங்கள் தானாக வந்து ஒட்டியிருந்தன. யாரும் கட்டாதவை, மிதந்து வந்து, இடம் பார்த்து அமர்ந்தவை. தீவு கரைவது நின்று, மணல் கொஞ்சம் சேர்ந்தது. பழைய 16 ஹெக்டேர் திரும்பவில்லை. திரும்பும் என்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை. இப்போது காரைச்சல்லித் தீவையும் இதே முறையில் காக்கும் வேலையை அரசு எடுத்திருக்கிறது.

ஆனால் கூடுகள் இறங்கிய அதே 2016 வெயிலில் கடல் மறுபடி சூடானது. மன்னார் வளைகுடாவில் 38.9 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் அந்த ஒரு வெளுப்பில் 22.7 சதவீதமாக இறங்கியது. வருடக்கணக்கில் கட்டிய பலகைகள் சில வாரத்தில் வெளுத்து, பாசி மூடிப் போயின. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அத்தோடு நின்றுவிட்டார். “நாம ஒரு கையால கட்டுறோம், ஊரு உலகமெல்லாம் சேந்து கொதிக்க வைக்குது” என்றார். அவரை நான் தடுக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை.

நான் ஏன் நிற்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெளுப்பில் எல்லாம் ஒரே மாதிரி சாவதில்லை. கிளைப்பவளம் முதலில் போகிறது, உருண்டை தாக்குப்பிடிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் கட்டிய இரண்டில் ஒன்று போகிறது, ஒன்று நிற்கிறது. நிற்பதிலிருந்து துண்டு எடுத்துத்தான் அடுத்த முறை கட்டுகிறோம். பாறை வலுவாக இருந்தால் சூட்டிலிருந்து தேறுகிறது. சாக்கடை கலந்த தண்ணீரில், சாம்பல் படிந்த அடியில், இழுவலை வாரிய தரையில், விட்டெறிந்த நைலான் வலை போர்த்திய பாறையில் அது தேறுவதில்லை. உலகத்தின் சூட்டைத் தெரேஸ்புரத்திலிருந்து என்னால் குறைக்க முடியாது. என் ஊர்ச் சாக்கடையையும், என் ஆட்கள் எறியும் வலையையும், பாறை மேல் போடும் நங்கூரத்தையும் பற்றிப் பேச முடியும். அதைத்தான் பேசுகிறேன். கோயில் திருவிழாவில் பேசியிருக்கிறேன், ஏலக்கூடத்தில் பேசியிருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களிடமும் கேட்கிறேன்: கடலுக்குள் போய்ப் பவளம் நட எல்லோராலும் முடியாது, உங்கள் ஊர் வாய்க்கால் எந்த நிறத்தில் கடலில் சேர்கிறது என்று போய்ப் பார்க்க முடியும்.

*

2024-ல் மறுபடி வெளுத்தது. உலகம் முழுக்கவே அந்த வருடம் பவளம் வெளுத்ததாகச் சொன்னார்கள். இந்த அளவில் நான்காவது முறை என்றார்கள். அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. முங்கினால் காதில் அப்பாவுக்கு வந்த வலி வருகிறது. ஆனாலும் தண்ணீர் குளிர்ந்து தெளிந்த பிறகு, கணக்கெடுக்க வள்ளத்தில் போனேன். மூத்த மகளின் மகனும் வந்தான். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான்.

பழைய பலகை ஒன்றில் பன்னிரண்டு துண்டு கட்டியிருந்தேன். ஏழு போய்விட்டது. பழுப்புப் பாசி மூடி, தொட்டால் கடப்பாரைக் காலத்துச் செத்த கல் போல விறைத்திருந்தது. மீதி ஐந்தில் நிறம் திரும்பியிருந்தது. ஒன்றில் விரலை மெல்ல வைத்தேன். வழவழப்பு இருந்தது. அடியில் நூலைத் தேடினேன், தெரியவில்லை. முடிச்சு கல்லுக்குள் போயிருந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கினேன். பேரன் எழுதுபலகையோடு குனிந்தான்.

“எத்தனை தாத்தா?”

“அஞ்சு.”

எழுதிக்கொண்டான். செத்த ஏழையும் கழற்றி எடுத்து, பாசி சுரண்டி, இடத்தைச் சுத்தம் செய்தோம். உயிரோடு நின்ற ஐந்தில் பெரியதிலிருந்து ஏழு துண்டு எடுத்தோம். முதல் முடிச்சை நான் போட்டுக் காட்டினேன். இறுக்கிவிடாமல், ஆடவும் விடாமல் பிடிக்க வேண்டிய பிடி எது என்று அவன் விரலைப் பிடித்துச் சொன்னேன். மீதி ஆறையும் அவன் கட்டினான்.